அயர்லாந்து விடுதலைப் போரும் பாதிரியார்களின் ஆவணங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அயர்லாந்தின் விடுதலைப் போராட்டம் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1916 ஏப்ரல் 24ஆம் நாள், ஈஸ்டர் திங்களன்று டப்ளினில் தொடங்கிய எழுச்சியிலிருந்து 1921 டிசம்பரில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம் வரையிலான நிகழ்ச்சிகளைக் கட்டுரையாளர் நல்ல தமிழில் தொகுத்துத் தந்திருக்கிறார். எனினும், கத்தோலிக்கத் திருச்சபை தொடக்கம் முதலே போராளிகளின் பக்கம் நின்றது என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தக் காலத்துப் பாதிரியார்களும் ஆயர்களும் (பிஷப்புகளும்) விட்டுச்சென்ற தாள்கள் வெவ்வேறு ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தால், திருச்சபை என்று ஒரே குரலில் பேசிய ஒன்று அங்கே இருக்கவில்லை என்பது விளங்கும். எந்தத் தாள் எங்கே தங்கியது, எது எத்தனை காலம் பூட்டப்பட்டுக் கிடந்தது, எது எரிந்துபோனது என்பதைப் பொறுத்தே இன்று நாம் நம்பும் வரலாறும் அமைந்திருக்கிறது என்பதும் விளங்கும். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

டப்ளினில் லிஃபி ஆற்றின் வடகரையில், ஃபோர் கோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் உள்ளது சர்ச் தெரு. கப்புச்சின் சபைத் துறவிகளின் மடமும் அவர்களுடைய ஆவணக்காப்பகமும் அங்கேதான் இருக்கின்றன. எழுச்சி நடந்த வாரத்தில் அந்தத் தெரு போர்க்களத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டது. துறவிகளுக்குச் சொந்தமான ஃபாதர் மேத்யூ மண்டபம் காயமடைந்தோருக்கு மருத்துவமனையாயிற்று. ஏப்ரல் 29ஆம் நாள் சரணடையும்படி எழுச்சியின் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் எழுதிய ஆணையை எலிசபெத் ஓ'ஃபாரல் என்ற செவிலியர் ஃபோர் கோர்ட்ஸுக்குக் கொண்டுசென்றபோது, வெள்ளைக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவருடன் நடந்தவர் கொலம்பஸ் என்ற துறவி. மறுநாள் அலோசியஸ், அகஸ்டின் என்னும் இரு துறவிகள் டப்ளின் கோட்டையில் காயமுற்றுக் கிடந்த மற்றொரு தலைவர் ஜேம்ஸ் கானலியையும், ஆர்பர் ஹில் சிறையிலிருந்த பியர்ஸையும் சந்தித்து, சரணடையும் ஆணை உண்மையானதுதான் என்று உறுதிசெய்துகொண்டார்கள். அதன் பிறகு, அதுவரை பணியாமலிருந்த கிளர்ச்சித் தலைவர் தாமஸ் மக்டோனாவிடம் சென்று பேசினார்கள். ஆங்கிலேயப் படையும் கிளர்ச்சியாளர்களும் ஒருசேர நம்பி உள்ளே விட்ட ஆட்கள் அந்நகரில் இவர்களைப் போல் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இவர்களுடைய குறிப்புகளுக்கு வேறெந்தச் சான்றுக்கும் இல்லாத மதிப்பு ஏற்பட்டது அதனால்தான்.

மே 3 முதல் 12 வரை கில்மேனம் சிறையில் கிளர்ச்சியாளர்கள் பதினான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். முதல் நாள் கைதிகளுக்கு ஆறுதல் அளித்த பாதிரியார்கள், தண்டனை நிறைவேறும் முன்பே வெளியேற்றப்பட்டார்கள். அலோசியஸ் இதைக் கடுமையாக எதிர்த்த பிறகே, கடைசி நொடிவரை உடனிருக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் பயனாக நமக்குக் கிடைத்ததுதான் ஆல்பர்ட் பிபி என்ற கப்புச்சின் துறவி, அந்தப் பதினால்வருள் ஒருவரான ஷான் ஹூஸ்டனைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு. மே 8ஆம் நாள் விடியலுக்கு முன் அவர் சிறையறைக்குள் நுழைந்தபோது, கடுங்குளிருக்காக மேலங்கியைப் போர்த்தியிருந்த அந்த இளைஞர் சிறு மேசை ஒன்றின் அருகே ஜெபமாலையுடன் முழந்தாளிட்டிருந்தார். மேசை மேல் சிறு மெழுகுவத்தித் துண்டும், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதி முடித்த சில கடிதங்களும் இருந்தன. மெழுகுவத்தி எரிந்து தீர்ந்த பின் இருவரும் இருட்டிலேயே செபித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே அழைத்துச் சென்றவர்கள் ஹூஸ்டனின் மார்பில் இதயத்துக்கு நேராக ஒரு வெள்ளைத் தாள் துண்டைக் குத்திவைத்தார்கள். சோப்புப் பெட்டி ஒன்றின் மேல் உட்காரவைத்துச் சுட்டார்கள். தமக்கு நோயில்பூசுதல் (எண்ணெய் பூசும் இறுதிச் சடங்கு) தர மறந்துவிட வேண்டாமென்று ஹூஸ்டன் முன்னதாகவே கேட்டுக்கொண்டிருந்ததால், குண்டுகள் பாய்ந்தவுடன் ஆல்பர்ட் ஓடிச்சென்று எண்ணெய் பூசினார். படை அதிகாரி ஒருவரின் அறிக்கையில் அந்த மெழுகுவத்தித் துண்டுக்கு இடமிருந்திருக்காது.

ஆல்பர்ட் 1925இல் கலிபோர்னியாவில் இறந்துபோனார். அயர்லாந்து அரசு போராளிகளின் நினைவுகளைத் திரட்டத் தொடங்கியதோ 1947இல்தான். பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்கர் டிரேனர் காலத்தில் நிறுவப்பட்ட ராணுவ வரலாற்றுப் பணியகம் அடுத்த பத்தாண்டுகளில் 1,773 சாட்சியங்களை எழுதி வாங்கியது. அவற்றை 83 எஃகுப் பெட்டிகளில் வைத்துப் பூட்டி 1959இல் அரசு உள்ளே எடுத்துவைத்தது. பொதுமக்கள் பார்வைக்கு அவை 2003இல்தான் வந்தன. அலோசியஸும் அகஸ்டினும் அதுவரை வாழ்ந்திருந்ததால் பணியகத்துக்குச் சாட்சியம் தந்தார்கள். ஆல்பர்ட்டின் சொற்களோ சபையார் தாள்களைப் பேணிவைத்ததால் மட்டுமே தப்பின. ஒரே மடத்தில் வாழ்ந்து, ஒரே சிறைக்குச் சென்றுவந்தவர்களின் சான்றுகளே இப்படி வெவ்வேறு வழியில், வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்டு, வெவ்வேறு கைகளில் தங்கியிருக்கின்றன. நிகழ்ச்சி நடந்த சூட்டில் எழுதியதும், முப்பது ஆண்டு கழித்து, நாடு விடுதலை பெற்று, இறந்தவர்கள் மாவீரர்களாகிவிட்ட பிறகு நினைவுகூர்ந்து சொன்னதும் ஒரே எடையுள்ளவை அல்ல. இரண்டும் தேவைதான். ஆனால் எதை எப்போது சொன்னார்கள் என்பதைக் குறிப்பிடாமல் மேற்கோள் காட்டுவது வாசகர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

பணியகத்தின் சாட்சியங்களில் மாணவர்கள் முதலில் படிக்கவேண்டியது மொன்சிஞ்ஞோர் மைக்கேல் கரன் அளித்த, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரியும் வாக்குமூலம் என்பேன். டப்ளின் பேராயர் வில்லியம் வால்ஷின் செயலராக இருந்தவர் அவர். எழுச்சி தொடங்கிய திங்களன்று பேராயர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். சற்று முன்புதான் ரோமில் திருத்தந்தையைச் சந்தித்துத் திரும்பியிருந்த பிளங்கெட் பிரபு, நடக்கப்போவதைச் சொல்லப் பேராயர் இல்லத்துக்கு வந்தபோது, அவரை எதிர்கொண்டு பேசியவர் கரன்தான். பிறகு தாமே கிளர்ச்சியாளர்களின் தலைமையிடமாயிருந்த தலைமை அஞ்சலகத்துக்குச் சென்று பியர்ஸைக் கண்டு, ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், ஆனால் சில பையன்கள் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறார்கள் என்றார் பியர்ஸ். அதற்கு ஏற்பாடு செய்யும்படி அருகிலிருந்த பேராலயத்துக்குக் கரன் சொல்லியனுப்பினார். ஒரு பேராயரின் அலுவலகம் அந்த நாளை எப்படி எதிர்கொண்டது என்பதை இவ்வளவு அருகிலிருந்து காட்டும் சான்று அரிது. வால்ஷ் வெளிப்படையாகப் பேசியதை மட்டும் நம்பி அவருடைய நிலைப்பாட்டைத் தீர்மானிப்பவர்கள் இந்தச் சாட்சியத்தையும், டப்ளின் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்திலுள்ள பேராயரின் தாள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆயர்களைப் பொறுத்தவரை, 1916இல் சிலர் எழுச்சியைக் கண்டித்தார்கள். பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கலைத்தவர் லிமெரிக் ஆயர் எட்வர்ட் ஓ'டுவயர். தம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இரு பாதிரியார்களை அடக்கிவைக்கும்படி படைத்தளபதி ஜான் மேக்ஸ்வெல் கேட்டபோது, 1916 மே 17 அன்று அவர் எழுதிய மறுப்புக் கடிதம் செய்தித்தாள்களில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மீது படையெடுத்த ஜேம்சனின் ஆட்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைக்க ஆங்கிலேய அரசு பரிந்து பேசியதை நினைவூட்டி, சரணடைந்த இளைஞர்களைச் சுட்டுக்கொன்ற கொடுமையை அதோடு ஒப்பிட்டார் அவர். இதை மட்டும் படிப்பவர்கள் ஓ'டுவயரைப் பிறவித் தேசியவாதி என்றே எண்ணக்கூடும். ஆனால் 1880களில் நிலக்குத்தகைக்காரர்கள் நடத்திய போராட்டத்தை வத்திக்கான் கண்டித்தபோது, அக்கண்டனத்தை உறுதியாக ஆதரித்து, தேசியவாதிகளின் வெறுப்புக்கு ஆளானவரும் இதே ஆயர்தான்.

கார்க் ஆயர் டேனியல் கோஹலனின் கதை இதைவிடச் சிக்கலானது. கட்டுரையாளரின் ஒற்றை வரி எவ்வளவு போதாதது என்பதை அது காட்டுவதால் அதைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன். கார்க் மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து 1920 அக்டோபர் 25 அன்று உயிர்நீத்தார். அவருடைய உடல் கார்க் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டு, திருச்சபையின் முழு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. ஆயர் அவரைப் புகழ்ந்து எழுதவும் செய்தார். ஆறு வாரங்கள் கடந்தன. டிசம்பர் 11ஆம் நாள் இரவு அரசுப் படையினர் கார்க் நகரின் நடுப்பகுதியைத் தீக்கிரையாக்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதுங்கித் தாக்குதல், ஆள்கடத்தல் ஆகியவற்றில் ஈடுபடுவோர் சபைவிலக்கம் பெறுவார்கள் (திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள்) என்று கோஹலன் ஆணையிட்டார். அதற்கு மூன்று நாள் கழித்து, அவருடைய மறைமாவட்டத்துக்கு உட்பட்ட டன்மான்வே பங்கின் முதிய குரு தாமஸ் மேக்னர், அரசின் துணைப்படையைச் சேர்ந்த ஒருவனால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

போராளிகளின் கார்க் படைப்பிரிவுக்குக் குருவாகப் பணியாற்றியவர் கப்புச்சின் துறவி டொமினிக் ஓ'கானர். பிரிக்ஸ்டன் சிறையில் மக்ஸ்வீனியின் அருகிலிருந்து கவனித்துக்கொண்டவரும் அவரே. சபைவிலக்க ஆணையைக் கேட்டுக் கலங்கிய போராளிகளுக்கு அவர் எழுதிய பதில் வியப்பளிப்பது. தனி ஆளாகத் தன் விருப்பத்துக்குச் செய்பவனுக்கே அந்த ஆணை பொருந்தும் என்றும், மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசின் படையாக, அதன் அதிகாரத்தோடு செய்யும் செயல்களுக்கு அது பொருந்தாது என்றும், அத்தகைய செயல்களைப் பாவமென்று கருதவேண்டியதில்லை என்றும் அவர் தெளிவுபடுத்தினார். ஒரே நகரின் மக்கள், ஒரே மாதத்தில், ஒரே மறையின் இரண்டு அதிகாரிகளிடமிருந்து இருவேறு தீர்ப்புகளைப் பெற்றார்கள் என்பதுதான் இதன் பொருள். டொமினிக் அதே டிசம்பரில் கைதாகி, ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, இங்கிலாந்துச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கோஹலனோ 1923 நவம்பரில், இம்முறை சுதந்திர அயர்லாந்து அரசின் காவலில் உண்ணாநோன்பிருந்து இறந்த டெனிஸ் பாரியின் உடலைத் தம் மறைமாவட்டத்துக் கோயில்களுக்குள் அனுமதிக்க மறுத்துவிட்டார். மக்ஸ்வீனிக்குத் திறந்த கதவு, அதே முறையில் உயிர்விட்ட பாரிக்கு மூடப்பட்டது.

கட்டுரையாளரின் கூற்று பொருந்தும் தருணம் ஒன்றும் உண்டு. 1918 ஏப்ரலில் அயர்லாந்து இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க லண்டன் அரசு முனைந்தபோது, மேனூத்தில் கூடியிருந்த ஆயர்கள் எல்லோரும் ஒன்றுபட்டு எதிர்த்தார்கள். ஏப்ரல் 21, ஞாயிறன்று நாடெங்கும் கோயில் வாசல்களில் மக்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே ஆண்டில், விடுதலை கோரிய சின் ஃபெயின் கட்சியின் துணைத்தலைவராக இருந்த மைக்கேல் ஓ'ஃபிளனகன் என்ற பாதிரியாரை அவருடைய ஆயர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தார். 1919 ஜனவரி 21 அன்று அயர்லாந்தின் சொந்த நாடாளுமன்றமான முதல் டால் கூடியபோது தொடக்கச் செபத்தைச் சொன்னவர் அதே ஓ'ஃபிளனகன் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1921 ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர்க்காலம்தான் ஆவணங்களில் மிகவும் இருண்ட பகுதி. பணியகம் திரட்டிய சாட்சியங்கள் 1913 நவம்பரிலிருந்து 1921 ஜூலை 11ஆம் நாள் போர்நிறுத்தம் வரையிலான காலத்துக்கு மட்டுமே வரையறுக்கப்பட்டிருந்தன. தோழர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட காலத்தைப் பற்றி அரசு திட்டமிட்டே கேள்வி கேட்கவில்லை. எனவே 1922 அக்டோபரில் ஆயர்கள் கூடி, ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதமேந்தியவர்களுக்கு அருட்சாதனங்கள் இல்லையென்று வெளியிட்ட சுற்றுமடலின் விளைவுகளை அந்த 1,773 சாட்சியங்களிலிருந்து முறையாக அறிந்துகொள்ள இயலாது. அதற்கு நாம் சர்ச் தெருவுக்கும் ரோமுக்கும் போகவேண்டும். 1922 ஜூனில் ஃபோர் கோர்ட்ஸ் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானபோது ஆல்பர்ட்டும் டொமினிக்கும் உள்ளே, ஒப்பந்தத்தை எதிர்த்த குடியரசுப் படையினரோடு இருந்தார்கள். பின்னர் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்ட இருவரும் அங்கேயே இறந்தார்கள். டொமினிக் இறந்தது 1935இல். இருவருடைய உடல்களும் 1958இல்தான் தாயகம் திரும்பி, கார்க் அருகிலுள்ள ராச்ஸ்டவுனில் அடக்கம் செய்யப்பட்டன. ரோமிலுள்ள ஐரிஷ் கல்லூரியின் அதிபர் ஜான் ஹேகன் குடியரசுத் தரப்பினர்மீது பரிவு கொண்டிருந்தவர். அவருக்கு வந்த கடிதங்கள் அக்கல்லூரியின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆயர்களின் சுற்றுமடலுக்கு எதிராகக் குடியரசுவாதிகள் திருத்தந்தையிடம் முறையிட்டதையும், 1923இல் வத்திக்கான் அனுப்பிய தூதர் லூட்சியோவை அயர்லாந்து ஆயர்கள் முகங்கொடுத்துப் பேசாமல் புறக்கணித்ததையும் தாயகத்துத் தாள்களை மட்டும் வைத்து முழுமையாக எழுத முடியாது.

ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் 1922 ஜூன் 30ஆம் நாள் எரிந்தது பொது ஆவணக்காப்பகம். ஏழு நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின. இதில் கட்டுரையாளர் தொடாத ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபை, ஒரு காலத்தில் அரசுத் திருச்சபையாக இருந்தது. அந்தத் தகுதி நீங்கிய பின் அதன் பழைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் அரசு ஆவணங்களாகக் கருதப்பட்டு, பெருமளவில் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பகுதி அன்று அழிந்தது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளோ ஒருபோதும் அரசின் கைக்குப் போகாததால் தப்பித்துக்கொண்டன. அயர்லாந்தின் குருக்கள் என்றாலே கத்தோலிக்கர் என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு, எஞ்சியிருக்கும் தாள்களின் இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். 1912 செப்டம்பரில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதை எதிர்த்த பிரெஸ்பிட்டேரிய, ஆங்கிலிக்கன் போதகர்களின் ஒப்பங்களும், அதே அல்ஸ்டரில் தன்னாட்சிக்காக வாதாடிய பாலிமனி போதகர் ஜேம்ஸ் ஆர்மரின் தாள்களும் பெல்ஃபாஸ்ட் ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதப்படுவது பாதி வரலாறு.

நம் ஊர் ஆய்வாளர்களுக்கு இது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. சென்னைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், அதன் பின் 1911இல் பேராயர் ஜோசப் கோல்கன் மறையும் வரையிலும் அயர்லாந்துக்காரர்களே நிர்வகித்தார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி, சென்னை மாகாணத்திலிருந்து சட்டம் படிக்கச் சென்று, எழுச்சி நடந்த ஆண்டில் டப்ளினில் இருந்தார். பணியகத்தின் சாட்சியங்களை இன்று எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். கப்புச்சின் ஆவணக்காப்பகமும் தன் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தின் 1986ஆம் ஆண்டு தேசிய ஆவணக்காப்பகச் சட்டம், முப்பது ஆண்டு கழிந்த அரசுத் துறைத் தாள்களைத் திறந்துவிட வழிசெய்கிறதே தவிர, மறைமாவட்டங்களையும் துறவற சபைகளையும் கட்டுப்படுத்தாது. அங்கே எதைக் காட்டுவது, எதைக் காட்டாமலிருப்பது என்பது உரியவர்களின் விருப்பம். சர்ச் தெருத் துறவிகளைப் போல எல்லோரும் தாராளமாக இருந்துவிட மாட்டார்கள் என்பதை ஆய்வு மாணவர்கள் முன்கூட்டியே அறிந்து திட்டமிட வேண்டும்.

இக்கட்டுரைக்குத் தொடர்ச்சி வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருக்குமானால், அதில் மூன்று ஆவணங்களை அடுத்தடுத்துத் தமிழில் தரும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். 1916 மே 17இல் ஓ'டுவயர் எழுதிய கடிதம், 1920 டிசம்பர் 12இல் கோஹலன் பிறப்பித்த ஆணை, அதற்கு டொமினிக் அளித்த விளக்கம் ஆகியவையே அவை. ஒவ்வொன்றின் மேலும் அது எழுதப்பட்ட நாளும், இன்று எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்ற விவரமும் அச்சிடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று விரிவுரையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.